இசைத்தட்டில் ஒரு கீறல்

தோல் கிடையாது. குச்சி கிடையாது. கையால் தொடுவதும் கிடையாது. ஆனாலும் தாளம் போடும். அது என்ன?

அவசரமில்லை, யோசியுங்கள். மெம்பிஸ் நகரத்தில், ஈஸ்டருக்கு முந்தின நாள், எர்லீனின் அழகு நிலையத்தில் இருந்தவர்களுக்கும் விடை தெரியவில்லை.

ஒன்பது வயது டெசிக்குப் பாதித் தலை பின்னியாகிவிட்டது. பக்கத்து மேஜையில் அவளுடைய அத்தை ரொவீனாவின் புது இசைத்தட்டு சுற்றிக்கொண்டிருந்தது. எல்லாம் ஊரறிந்த பழைய ரிதம் அண்ட் ப்ளூஸ் பாட்டுகள். ரொவீனா அவற்றைத் தன் பாணிக்கு மாற்றி, பியானோ வாசித்தபடி பாடியிருந்தாள்.

“இந்தப் பாட்டுக்கு நான் ஆடின ஆட்டத்துல செருப்பே பிஞ்சிருக்கு. இவ என்னடான்னா சாவு ஊர்வலத்துக்குப் பாடற மாதிரி பாடறா!” என்றாள் ஒபீலியா. அவள் தலை நிறைய முடி சுருட்டும் சுருளிகளோடு காத்திருந்தாள்.

“மெதுவா பாடினா பாடிட்டுப் போறா. டிரம்ஸ் எங்கேடி?” பின்னலை விடாமல் கேட்டாள் எர்லீன்.

“அடிக்கிறதுக்கு ஆள் வேணாமா? இத்தனை வருஷமா தம்பிதானே அடிச்சான். கிளியோடிஸுக்குப் பக்கவாதம் வந்து கை போச்சு. இவ சத்தமில்லாம கழட்டி விட்டுட்டா.”

“கூடப் பொறந்தவனையா?”

“பேர் வாங்கணும்னா தம்பியாவது, தங்கையாவது!”

“மெல்லப் பேசு. அவன் பொண்ணு இருக்கா.”

அவன் பொண்ணுக்கு எல்லாம் காதில் விழுந்தது. அவளுக்கும் அதே கோபம்தான். வீட்டில் இந்தத் தட்டை ஒரு தடவைகூடப் போட விடவில்லை. அத்தை போன் செய்தால் குளிப்பதாகச் சொல்லச் சொன்னாள். நாளைக்கு அத்தை வீட்டில் ஈஸ்டர் விருந்து. “நான் வரமாட்டேன்ப்பா” என்று காலையில்தான் சொல்லியிருந்தாள்.

“நீ முதல்ல அந்தப் பாட்டைக் கேட்டியா?” என்று மட்டும் அப்பா கேட்டார்.

இரண்டாவது பாட்டு ஆரம்பித்தது.

டொக்... சர்ர்... டொக்... சர்ர்...

“போச்சு, கீறல் வேறயா? புதுத் தட்டுடி இது!” எர்லீன் கையைத் துடைத்துக்கொண்டு முள்ளைத் தூக்கினாள். தட்டைத் துணியால் துடைத்து மறுபடி வைத்தாள்.

டொக்... சர்ர்... டொக்... சர்ர்...

டெசி சட்டென்று தலையைத் தூக்கினாள்.

“ஆடாதே கண்ணு, வகிடு கோணிடும்.”

“வேகத்தைக் கூட்டிப் பாரேன்” என்றாள் ஒபீலியா. “நாப்பத்தஞ்சுல வை.”

“எலி பாடற மாதிரி இருக்கும்டி.”

“எலியே பாடட்டும். நான் ஆடணும்.”

“டெசி, என் கையெல்லாம் எண்ணெய். அந்தப் பொத்தானை முப்பத்து மூணுலேர்ந்து நாப்பத்தஞ்சுக்குத் தள்ளு.”

டெசி தள்ளினாள். அத்தையின் கனத்த குரல் கீச்சென்று ஏறியது. சிரிப்பில் கடையே அதிர்ந்தது. ஒபீலியா சுருளிகள் குலுங்க எழுந்து ஆடினாள். எர்லீன் எண்ணெய்க் கையாலேயே தாளம் தட்டினாள்.

டொக்-சர், டொக்-சர், டொக்-சர்...

டெசி சிரிக்கவில்லை.

“அது கீறல் இல்ல” என்றாள்.

“பின்னே?”

“எங்க அப்பா. நடக்கறாரு.”

ஒபீலியா ஆடுவதை நிறுத்தினாள். “என்னம்மா சொல்றே?”

“வலது கால் டொக்குன்னு விழும். இடது காலைத் தூக்க வராது, தேய்ச்சுத்தான் வைப்பாரு. தினமும் கேக்கறேனே, எனக்குத் தெரியாதா?”

நடக்கணும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். தெருவில் நாலு பேர் பார்க்க நடக்கமாட்டேன் என்று அப்பா சொல்லிவிட்டார். அதனால் செவ்வாய்க்கிழமைதோறும் அத்தை காரோடு வந்து அவரைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போவாள். நடைப் பயிற்சி என்றுதான் டெசியிடம் சொன்னார்கள். அத்தை வீட்டு முன்னறையில் மரத்தரை. மூலையில் பியானோ.

“அப்போ... டிரம்ஸ் வெச்சிருந்தா இந்தச் சத்தம் கேட்டிருக்காது” என்றாள் எர்லீன்.

“மெதுவா பாடினதும் அவன் நடைக்கு ஏத்த மாதிரிதான்” என்றாள் ஒபீலியா. உட்கார்ந்துவிட்டாள்.

தட்டு சுற்றிக்கொண்டே இருந்தது. காலடிகள் விறுவிறுவென்று போய்க்கொண்டிருந்தன.

எர்லீன் குனிந்து டெசியின் காதருகே கேட்டாள். “இந்த வேகத்துல கேட்டா, உங்கப்பா பழையபடி நடக்கிற மாதிரியே இருக்கு, இல்ல கண்ணு? இப்படியே விட்டுடலாமா? உன் இஷ்டம்தான்.”

டெசி பொத்தானை முப்பத்து மூன்றுக்குத் தள்ளினாள்.