நான்கு தட்டு

நாலு மணிக்கு இன்னும் பத்து நிமிடம்.

அவள் பாயில் உட்கார்ந்து அறை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். நிலைக்கு இந்தப் பக்கம் ஒரு தட்டு, ஒரு டம்ளர், அவள். அந்தப் பக்கம் மொத்த வீடு.

நடுவில், குறுக்காக, அவளுடைய டிரம் குச்சிகள்.

பெண் பெரியவளானால் வாசலில் உலக்கை போட வேண்டும் என்றாள் அத்தை. திருப்பூரில், மூன்றாவது மாடி வீட்டில், உலக்கைக்கு எங்கே போவது? வீட்டையே புரட்டினாள். கடைசியில் பள்ளிப் பைக்குள் கைவிட்டு இந்த இரண்டையும் உருவினாள்.

“மரமா இருந்தாச் சரி. ஏழு நாளைக்கு இதை நீ தொடவும் கூடாது, தாண்டவும் கூடாது.”

அடுப்படியில் பூரிக்கட்டை இருந்தது. அது மட்டும் அத்தையின் கண்ணில் படவில்லை.

புதன்கிழமை ஒத்திகையிலேயே வயிறு வலித்தது. வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு ஆண்டு விழா, அது முடியட்டும், அதுவரை வீட்டில் மூச்சு விடாதே என்றாள் ஷஹானா. அவர்கள் குழுவில் பாடுகிறவள் அவள்தான். அவள் பேச்சைக் கேட்டிருக்கலாம். ஆனால் பயமாக இருந்தது. பயந்தால் அம்மாவிடம்தானே போகத் தோன்றும்.

ரெண்டே ரெண்டு நாள் யாரிடமும் சொல்லாதே என்று அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள். அம்மா தலையாட்டினாள்.

அம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, அத்தைக்குப் போன் போட்டுவிட்டாள்.

அதிலிருந்து அவள் அம்மாவோடு பேசவில்லை.

விழாவில் வாசிக்க இருந்த பாட்டு ஜப்பான்காரிகளுடையது. நான்கு பெண்கள், நால்வரும் பள்ளிச் சீருடையில். டிரம் வாசிக்கிறவள் குட்டையாக, இவளைப் போலவே பல் எடுப்பாக இருப்பாள். அதைப் பார்த்துத்தான் இவளுக்கு அந்த ஆசையே வந்தது. எட்டு மாதம் தலையணையில் தட்டினாள், சாம்பார்ச் சட்டி மூடியில் தட்டினாள். வீடியோவில் பாட்டின் அர்த்தம் திரையின் அடியில் ஓடும்.

நாளைக்கு எங்களைப் பெரியவர்கள் என்பார்கள்.

ஓடித் திரிந்த தெருவில் மெதுவாக நடக்கச் சொல்வார்கள்.

அதற்குள் ஒரே ஒருமுறை, காது கிழிய.

இதெல்லாம் ஜப்பானில் மட்டும் நடக்கிறது என்று நினைத்திருந்தாள்.

போன் அடித்தது.

அத்தை சீர்த்தட்டு வாங்கக் கடைவீதிக்குப் போயிருந்தாள். அம்மா போனை எடுத்து வந்தாள். ஸ்பீக்கரைப் போட்டு, குச்சிகளுக்கு அந்தப் பக்கம் தரையில் வைத்து, தானும் அங்கேயே உட்கார்ந்தாள்.

ஷஹானா கிசுகிசுத்தாள். “மேடையில இருக்கோம்டி. உன் டிரம்மும் இங்கதான் இருக்கு. வேற யாரும் உக்காரக் கூடாதுன்னு சொல்லிட்டோம். போனை மைக் பக்கத்துல வெக்கிறேன். நீ நாலு தட்டு மட்டும் தட்டு, போதும். நாங்க ஆரம்பிச்சுக்கறோம்.”

அந்தப் பாட்டு அப்படித்தான் தொடங்கும். குச்சியோடு குச்சி, நாலு தட்டு. அது விழாமல் கிட்டார் எழும்பாது.

போனில் பெரிய அரங்கத்தின் இரைச்சல். மெல்ல மெல்ல அடங்கியது.

காத்திருந்தார்கள்.

அவள் கை தானாகக் குச்சிகளை நோக்கி நீண்டது.

“எடுக்காத கண்ணு,” என்றாள் அம்மா.

கையை இழுத்துக்கொண்டாள். அம்மாவின் முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

போனில் யாரோ இருமினார்கள். ஷஹானா மெதுவாக அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். கூட்டத்தில் எங்கேயோ சிரிப்புக் கிளம்பியது.

டக். டக். டக். டக்.

அவள் திரும்பினாள்.

அம்மாவின் கையில் குச்சிகள். பிடித்த விதம் தப்பு, கரண்டியைப் பிடிப்பது மாதிரி. ஆனால் வேகம் மயிரிழைகூடப் பிசகவில்லை. எட்டு மாதமாக அடுப்படியிலிருந்து, சத்தம் போடாதேடி என்று கத்திய அதே அம்மா.

கிட்டார் எழுந்தது. ஷஹானாவின் குரல் எழுந்தது.

டிரம் விழ வேண்டிய இடங்களில் எதுவும் விழவில்லை. அந்த இடங்களை மட்டும் அவள் முழங்காலில் தட்டினாள். கண்ணீர் வழிந்தது. துடைக்கக் கை ஒழியவில்லை.

அம்மா குச்சிகளை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள். எங்கோ பார்த்துக்கொண்டு, கடைசி வரைக்கும் கேட்டாள்.

அந்தப் பாட்டு முடியும்வரை வாசலுக்குக் குறுக்கே எதுவும் இல்லை.

பள்ளிக்கூடம் நடக்கிற தூரம்தான்.

அவள் எழுந்திருக்கவில்லை. அம்மாவும் எழுந்திருக்கச் சொல்லவில்லை.

கைதட்டல் கேட்டது. போன் அணைந்தது.

“அம்மா,” என்றாள் அவள். இரண்டு நாளில் முதல் வார்த்தை.

அழைப்பு மணி அடித்தது. அத்தை.

அம்மா அவசரமாகக் குச்சிகளை இருந்த இடத்திலேயே குறுக்காக வைத்தாள். எழுந்து இரண்டு எட்டு போனாள். திரும்பி வந்தாள்.

குனிந்து, கோணலாக இருந்த ஒன்றை நேராக்கிவிட்டு, கதவைத் திறக்கப் போனாள்.