முப்பதாவது நாள்

"இந்தத் தேதியோட குடுத்தீங்கன்னா, வாங்கின கையோட திருப்பிக் குடுத்திடுவாங்க."

வேறு ஏதோ வேலையாக வந்து பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கண்ணாடிக்காரர் இப்படிச் சொன்னதும் ஆபரேட்டருக்குத் தூக்கிவாரிப் போட்டது. மனைவிதான் மனுவை டைப் செய்து, மேல்முறையீட்டு அலுவலகம் வரை கூட்டி வந்து உட்கார வைத்துவிட்டு, பள்ளிக்கூடத்தில் பரீட்சை வேலைக்கு ஓடியிருந்தாள். ஒரு தடவை சரிபார்த்துத் தரட்டுமா என்று கண்ணாடிக்காரர் தாமாகவே கேட்டிருந்தார். ஆபரேட்டர் சற்று யோசித்துவிட்டுத்தான் காகிதங்களை நீட்டினார். பார்வை இல்லாதவர் பார்த்துத்தானே யாரையும் நம்ப வேண்டியிருக்கிறது.

பதினாறு வருடங்களாக ஓர் அரசு அலுவலகத்தில் டெலிபோன் ஆபரேட்டர். கண்காணிப்பாளர் பதவிக்கான தேர்வில் அவர்தான் முதல் மார்க். ஆனால் 'கோப்புகளைப் படிக்க இயலாதவர்' என்று ஒரே வரியில் பதவி உயர்வை மறுத்திருந்தார்கள். அதை எதிர்த்து மனுப்போட முப்பது நாள் கெடு. இன்றோடு சரி. ஐந்து மணிக்கு மனு வாங்கும் ஜன்னலைச் சாத்திவிட்டால் பிறகு கடவுளே வந்து கொடுத்தாலும் வாங்க மாட்டார்கள்.

மனைவி செய்திருந்த தவறு சின்னதுதான். உத்தரவின் தலையில் இருந்த தேதியைப் போட்டிருந்தாள். அதன்படி எண்ணினால் இன்று முப்பத்து நாலாவது நாள். எண்ண வேண்டியது உத்தரவு கைக்கு வந்து சேர்ந்த நாளிலிருந்து என்று கண்ணாடிக்காரர் விளக்கினார்.

நல்லவேளை, உத்தரவு வந்த உறையை அவள் தூக்கி எறியாமல் பின்னால் குண்டூசி குத்தி வைத்திருந்தாள். அதிலிருந்த தபால் முத்திரை நாலு நாள் தள்ளியே விழுந்திருந்தது. கண்ணாடிக்காரர் நான்கு பிரதிகளிலும் தேதியைத் திருத்தி, ஆபரேட்டரின் விரலைப் பிடித்து இடம் காட்ட, அவர் ஒவ்வொன்றிலும் கையெழுத்திட்டார்.

அதோடு விட்டாரா மனிதர்? மூன்றாவது பத்தி கும்பிடு போடுகிற மாதிரி இருக்கிறதென்றும், நடந்த அநியாயத்தைச் சொல்லவே இல்லையென்றும் குறைப்பட்டார். "உள்ளதைச் சொல்லுங்க. நான் எழுதுறேன்."

"சொல்றேன் சார். உத்தரவு போட்ட துணை இயக்குநர் இருக்காரே, சரியான மரமண்டை. நான் கோப்பு படிக்க மாட்டேன்னு எழுதினவரு, என் கோப்பைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டிருக்காரு. கம்ப்யூட்டர் வாசிக்க வாசிக்கக் கேட்டு ஒரு நாளைக்கு நாற்பது பக்கம் முடிக்கிறவன் நான். அவரு நாலு பக்கம் படிப்பாரா?"

கண்ணாடிக்காரர் பேனாவைத் திறந்தார். "படிச்சிருக்க மாட்டாரு," என்று எழுத ஆரம்பித்தார்.

ஆபரேட்டருக்கு உற்சாகம் வந்துவிட்டது. சுரணை கெட்டவர், பேனா கிடைத்தால் எதிலும் கிறுக்குபவர் என்று துணை இயக்குநரைக் காய்ச்சி எடுத்தார். கண்ணாடிக்காரரும் சளைக்கவில்லை. 'மரமண்டை' என்பது 'தீர ஆராயாமல்' என்று ஆயிற்று. 'சுரணை கெட்டவர்' என்பது 'ஊழியரின் உரிமையைப் பொருட்படுத்தாமல்' என்று மாறியது. திட்டுபவரையும் பாராட்ட வேண்டும், அதை வடிகட்டி எழுதியவரையும் பாராட்ட வேண்டும்.

"தப்புன்னு தெரிஞ்சா அவரே உத்தரவை மாத்திட முடியாதா சார்?"

"முடியாது. ஒரு தடவை போட்ட உத்தரவைப் போட்டவரே அழிக்க விதி இல்ல. இங்க இருக்கிற குழு சொன்னாத்தான் உண்டு. அதனாலதான் இந்த மனு இன்னைக்கே உள்ள போகணும்."

வரிசை நகர்ந்து ஜன்னலுக்குப் போனபோது ஐந்துக்குப் பத்து நிமிடம். எழுத்தர் பக்கங்களைப் புரட்டினார். தேதி சரி, உறை சரி. பிறகு உதட்டைப் பிதுக்கினார்.

"துணை இயக்குநருக்கு ஒரு நகல் குடுத்து, வாங்கிக்கிட்டதா அவர்கிட்ட கையெழுத்து வாங்கணுமே. அது எங்க?"

இல்லை. அந்த விதி கணவனுக்கும் தெரியாது, மனைவிக்கும் தெரியாது. கண்ணாடிக்காரர்கூட நெற்றியில் அடித்துக்கொண்டார். துணை இயக்குநரின் அலுவலகம் போய்வரவே ஒரு மணி நேரமாகும்.

"நாளைக்குக் கொண்டாங்கன்னு சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனா நாளைக்கு முப்பத்தொண்ணாவது நாள்," என்றார் எழுத்தர். அவர் குரலில் உண்மையாகவே வருத்தம் இருந்தது.

ஆபரேட்டர் கெஞ்சவில்லை. முகத்தைக் கண்ணாடிக்காரர் பக்கம் திருப்பியபடி அசையாமல் நின்றார்.

கண்ணாடிக்காரர் பெருமூச்சு விட்டார். நாலாவது பிரதியை உருவித் தம் பையில் வைத்துக்கொண்டு, மனுவின் ஓரத்தில் 'நகல் பெற்றுக்கொண்டேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தேதியும் பதவியும் குறித்தார். அதைப் படித்த எழுத்தர் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார்.

"ஐயா, அந்தத் துணை இயக்குநரே நீங்கதானா?"

"நான்தான். முதல்ல முத்திரையைக் குத்துங்க, மணியாகுது."

முத்திரை விழுந்தது. கண்ணாடிக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆபரேட்டரின் கையைப் பற்றினார். "மன்னிச்சுக்குங்க. நான் யாருன்னு முதல்லயே உங்ககிட்ட சொல்லியிருக்கணும்."

"பெஞ்சில நீங்க வாயைத் திறந்தப்பவே தெரியும் சார். உங்க குரலைத் தினம் போன்ல கேட்கிறவன் நான்," என்று ஆபரேட்டர் சிரித்தார். "இல்லேன்னா, முன்னப்பின்ன தெரியாத ஆளுகிட்ட என் மேலதிகாரியை அவ்வளவு திட்டுவேனா?"