அமைதியான ஓர் இடம்

ஓஹியோவில் எங்கள் ஊர்க் கல்லூரியின் ஆன்லைன் வகுப்பில் சேர்ந்த டார்லாவின் வீட்டில் இணையம் இல்லை. உதவி கேட்டுக் கல்லூரிக்குப் போன் செய்தாள்.

"அதுக்கு ஆன்லைன்லதாம்மா மனு போடணும்," என்றார்கள்.

வேறு வழியில்லை. டோனட் கடை வேலை முடிந்ததும் கல்லூரி வாசலில் காரை நிறுத்தி, அங்கே கிடைக்கும் வைஃபையைப் பிடித்தாள். சற்றுத் தள்ளி இன்னொரு காரில், மஞ்சள் டை கட்டிய ஒருவர் ஸ்டியரிங் மேல் லேப்டாப்பைச் சாய்த்துப் போராடிக்கொண்டிருந்தார்.

"சார், இங்க என் பக்கத்துல நிறுத்துங்க. இந்தக் குப்பைத்தொட்டிகிட்டதான் நல்லா கிடைக்கும்."

"அடடா, மூணு வருஷமா வர்றேன், தெரியாமப் போச்சே!" என்றபடி வந்து நிறுத்தினார்.

"மூணு வருஷமாவா? இன்னும் பாஸ் பண்ணலையா?"

அவர் அசடு வழிந்து, கார்க் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

முதல் வகுப்பு தொடங்கியது. பாடம், 'ஆன்லைனில் படித்து ஜெயிப்பது எப்படி?' திரையில் பேராசிரியர் தோன்றினார். பின்னால் சுவர் முழுக்கப் புத்தகங்கள். கழுத்தில் மஞ்சள் டை.

"படிக்கிறதுக்குன்னு வீட்டுல அமைதியா ஓர் இடம் வேணும். இதோ, என் அறையைப் பாருங்க..."

டார்லா பக்கத்துக் காரைப் பார்த்தாள். ஹாரனை ஒரே ஒரு முறை அழுத்தினாள்.

திரையில், அத்தனை புத்தகங்களுக்கு நடுவே, பேராசிரியருக்குத் தூக்கிவாரிப்போட்டது.