கோல் கம்பத்தில் அபினவின் முகம்

கோல் கம்பத்தில் கட்டியிருந்த ஃப்ளெக்ஸில் என் பேரன் அபினவ் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தான்.

பக்கத்தில் வங்காளத்தில் கொட்டை எழுத்து: ஸ்காட்லாந்தின் இளம் ஸ்ட்ரைக்கர், நம் டாக்குரியாப் பேட்டையின் பெருமை.

எனக்குக் கோபம் உச்சந்தலை வரைக்கும் ஏறிவிட்டது.

அபினவ் பல் டாக்டருக்குப் படிக்கிறான். சின்ன வயதில் பந்து தன் பக்கம் உருண்டு வந்தாலே அம்மாவுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்வான். பந்து ஆடுகிறவள் அவன் தங்கை ஸ்னேகா.

வங்காள வருஷப் பிறப்பு. அன்றைக்குக் கோல் கம்பத்துக்குப் பூஜை போடாமல் இந்த ஊரில் எந்த கிளப்பும் சீசனைத் தொடங்காது. பார் பூஜை என்பார்கள். குறுக்குக் கம்பிக்குச் சாமந்தி மாலை, சந்தனம், குங்குமம். புரோகிதர் மந்திரம் சொல்லி முடித்ததும் விருந்தாளி முதல் பந்தை வலைக்குள் உதைக்க வேண்டும். எங்கள் தெரு கிளப்பில் அதுதான் பழக்கம்.

"உங்காத்து ஸ்ட்ரைக்கரைக் கூட்டிண்டு வாங்கோ மாமி" என்று செக்ரெட்டரி ராகவேந்திரன் வாசலில் வந்து கூப்பிட்டுவிட்டுப் போனான். லீக்கில் சின்ன இடைவெளி, அண்ணனும் தங்கையும் வந்திருக்கிற நேரம். ஸ்னேகா அப்போதே பூட்ஸை எடுத்து வைத்துத் துடைக்க ஆரம்பித்துவிட்டாள்.

ஸ்காட்லாந்தில், டண்டீயில் பிறந்தவள். பன்னிரண்டு வயது வரை பையன்களோடுதான் ஆட்டம். அவளைப் பிடிக்க முடியாத பையன்களின் அம்மாக்கள் புகார் கொடுத்தார்கள். அப்புறம் பெண்கள் டீம். பள்ளிக்கூடம் விட்டு, பஸ் மாறி, கொட்டுகிற மழையில் பயிற்சி. சனிக்கிழமைகளில் பேக்கரியில் வேலை. போன கோடையில்தான் கான்ட்ராக்ட் கையெழுத்தானது. அதற்கப்புறமும் மாசக்கணக்காகப் பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தாள்.

ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆட்டம் முடிகிற நேரத்தில் இறக்கிவிட்டார்கள். கார்னரிலிருந்து வந்த பந்தை, தன்னைவிட ஒரு தலை உயரமானவர்களுக்கு நடுவில் எகிறி முட்டினாள். கோல். நான் போனில் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுப்பில் வத்தக்குழம்பு தீய்கிற வாசனை வந்தது. தீயட்டும் என்று விட்டுவிட்டேன்.

என் வீட்டுக்காரர் வெங்கடநாராயணன் போனை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பெண் பிள்ளைக்கு என்ன பந்து வேண்டியிருக்கிறது என்று வருஷக்கணக்காக முணுமுணுத்தவர்.

ஆனால் மறுநாள் காலையில் லேக்குக்கு நடக்கப் போகும்போது, புது வெல்லம் போட்ட சந்தேஷ் இனிப்பு ஒரு பெரிய டப்பா வாங்கிக்கொண்டு போனார். கூட நடக்கிறவர்களுக்கெல்லாம் கொடுத்தாராம். மனுஷர் மாறிவிட்டார் என்று எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. அன்றைக்கு அவருக்குப் பிடித்த மாதிரி முறுகலாக அடை வார்த்துப் போட்டேன்.

இப்போது இந்த ஃப்ளெக்ஸ்.

ராகவேந்திரன் நம் தமிழ்ப் பையன்தான். இந்தத் தெருவில் பிறந்து, தமிழைவிட வங்காளத்தை நன்றாகப் பேசுகிறவன். அவன் சட்டைக் காலரைப் பிடிக்காத குறை.

"ஏண்டா, ஒரு பொண்ணு பந்து ஆடினா உங்க யார் கண்ணுக்கும் தெரியாதா? அச்சடிக்கறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேக்கப்படாதா, வாயில என்ன கொழுக்கட்டையா வெச்சிண்டிருந்தே?"

"மாஷிமா, மாஷிமா" என்று வங்காளிப் பெண்கள் என் கையைப் பிடித்தார்கள். உதறினேன்.

"விடு பாட்டி, இட்ஸ் ஃபைன்" என்றாள் ஸ்னேகா. சொல்லிச் சொல்லிப் பழகினவள் மாதிரி சொன்னாள். அதுதான் எனக்கு இன்னும் எரிந்தது.

ராகவேந்திரனுக்கு முகமெல்லாம் வேர்த்துவிட்டது.

"மாமி, போட்டோ குடுத்ததே மாமாதான். பேரன் கோல் போட்டுட்டான்னு ஜனவரில லேக்ல எல்லாருக்கும் சந்தேஷ் குடுத்தாரே!"



இதற்காகவா அன்றைக்கு முறுகலாக அடை வார்த்துப் போட்டேன்!

முதல் வரிசை நாற்காலியில், கஞ்சி போட்ட வேஷ்டியோடு இவர். நான் போட்ட கூச்சலுக்குத் தெருவே திரும்பியது. இவர் திரும்பவில்லை.

மைக்கில் அபினவின் பெயரைக் கூப்பிட்டார்கள். அவன் எழுந்திருக்கவில்லை. தங்கையின் முதுகில் கையை வைத்து முன்னால் தள்ளினான்.

ஸ்னேகா குனிந்து பூட்ஸ் கயிற்றை இழுத்துக் கட்டினாள். ஃப்ளெக்ஸைப் பார்க்கவில்லை. தாத்தாவை ஒரு தரம் பார்த்தாள். ஓடி வந்து இடது காலால் அடித்தாள்.

பந்து குறுக்குக் கம்பியின் அடிப்பக்கத்தில் மோதி உள்ளே போயிற்று. மாலையிலிருந்து சாமந்தி பொலபொலவென்று உதிர்ந்தது.

மைதானமே கத்தியது. மேளக்காரன் யாரும் சொல்லாமலே அடிக்க ஆரம்பித்தான்.

அந்தச் சத்தத்துக்கு நடுவில் இவர் பக்கத்து நாற்காலியில் இருந்த லேக் சிநேகிதர் பக்கம் சாய்ந்தார். முகத்தில் அப்படி ஒரு பெருமை.

"எல்லாம் அவ அண்ணா சொல்லிக்குடுத்ததுதான், துரைசாமி."

ராகவேந்திரன் கையிலிருந்த மைக்கைப் பிடுங்கினேன்.