உமி காட்டிய வழி

உமி வரவில்லை.

நேற்றுக் காலையிலிருந்து லியோட்டா ஊற்று வீட்டுக்குள் உட்கார்ந்து ஊற்றின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பால் கேன்களைக் குளிரவைக்க ஊற்றின்மேல் கட்டிய சின்னக் கல்வீடு அது. வெயில் உச்சிக்கு வந்தும் உள்ளே குளிர் நடுக்கியது.

மேல் மேய்ச்சல் நிலத்தில் ஓடை ஒரு பள்ளத்துக்குள் இறங்கிக் காணாமல் போகும். மண்ணுக்கடியில் மூன்று மைல் ஓடி, இவள் வீட்டு ஊற்றாக வெளியே வரும். கென்டக்கியின் இந்த மூலையில் யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள். யாரும் கூடவே போய்ப் பார்த்ததில்லை. ஆனாலும் அடித்துச் சொல்வார்கள்.

மார்ச் மாத வெள்ளத்தில் அந்தப் பள்ளம் அவள் புருஷன் க்ளைட்டை இழுத்துக்கொண்டது. கன்றுக்குட்டியைக் காப்பாற்ற இறங்கினான். கன்று பிழைத்துக்கொண்டது.

போனவன் இந்த ஊற்றுக்குத்தான் வந்தாக வேண்டும் என்றார்கள். அன்று முதல் லியோட்டா இங்கேயே பழியாய்க் கிடந்தாள். பெட்டியில் வைத்துப் புதைக்க ஓர் உடம்பு வேண்டும், அவ்வளவுதான் அவள் கேட்டது. வந்துவிடு, வந்துவிடு என்று தண்ணீரிடம் கெஞ்சினாள்.

தொப்பி வந்தது.

ஒரு வாரம் கழித்து இடது பூட்ஸ். கோணி ஊசியால் அவளே தைத்துக்கொடுத்த குதிகால். பிறகு வலது பூட்ஸ்.

சொன்னால் கூட்டம் கூடிவிடும் என்று யாரிடமும் மூச்சுவிடவில்லை. அடுப்புக்குப் பக்கத்தில் காயவைத்தாள்.

ஆள் மட்டும் வரவில்லை. வழி எங்காவது அடைத்துக்கொண்டதோ என்னவோ. ஊர் வழக்கப்படி ஒரு மூட்டை ஓட்ஸ் உமியைப் பள்ளத்தில் கொட்டிவிட்டு வந்து உட்கார்ந்தாள். உமி வந்தால் வழி இருக்கிறது என்று அர்த்தம்.

வந்தது ஓர்வல். க்ளைட்டின் தம்பி, குன்றுக்கு அந்தப்புறத்துப் பண்ணைக்காரன். வாயைத் திறந்தால் நக்கல்தான். இன்று வாசலில் நின்று தொப்பியைக் கழற்றினான்.

"அண்ணி, நம்ம பாட்டன் பூட்டனெல்லாம் வாய்க்கு வந்ததச் சொல்லிட்டுப் போயிட்டானுங்க. நீங்க கொட்டின உமி பூரா என் ஊத்துல மெதக்குது."

கையிலிருந்த தொப்பியின் விளிம்பைத் திருகினான்.

"பின்னாலயே அண்ணனும் வந்துட்டான். கொட்டகையில கெடத்தியிருக்கேன். மொகம் தெரியல. ஆனா தலையில தொப்பி, கால்ல ரெண்டு பூட்ஸ், எல்லாம் அப்படியே இருக்கு. நீங்க தச்ச குதிகால வச்சுத்தான் அடையாளம் கண்டேன்."

லியோட்டா எழுந்தாள். அழ வேண்டும் என்று தோன்றியது. அழுகை வரவில்லை. அடுப்புக்குப் பக்கத்தில் காய்ந்துகொண்டிருக்கும் தொப்பியையும் அதே தையல் போட்ட பூட்ஸையும் நினைத்தாள்.

முதுகுக்குப் பின்னால் ஊற்றின் சலசலப்பு நின்றுபோனது. பெரிதாக ஏதோ வாயில் வந்து அடைத்துக்கொண்டதுபோல.

ஓர்வலின் பார்வை அவள் தோளைத் தாண்டி உள்ளே போனது. கையிலிருந்த தொப்பி கீழே விழுந்தது.

லியோட்டா திரும்பவில்லை. கண்களை இறுக்கி மூடிக்கொண்டாள். மூன்று வாரமாக வேண்டியதை எல்லாம் விட்டுவிட்டு, முதல் முறையாக வேறொன்றை வேண்டினாள்.

வராதே. தயவுசெய்து வராதே.