கிணற்றுத் தெரு வழியாக

“உண்மையைச் சொல்லுங்க ஜெபசீலன். கிணத்துத் தெருவுல எந்தக் கடைக்காரன் உங்களைக் கவனிச்சான்?”

சாலை வரைபடத்தை மேஜைமேல் விரித்துப் போட்டுக்கொண்டு கேட்டார் ப்ராஜெக்ட் மேனேஜர் ஹரிபிரசாத். காலை ஏழு மணி. அவர் இத்தனை சீக்கிரம் தாம்பரம் அலுவலகத்துக்கு வந்து யாரும் பார்த்ததில்லை. வந்திருக்கிறார் என்றால் யாருடைய தலையோ உருளப் போகிறது.

“யாரும் எதுவும் தரலை சார்,” என்றான் ஜெபசீலன்.

சேலையூரிலிருந்து செம்பாக்கம் போகிற சாலையில் சிறுபாலம் ஒன்றை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டிக்கொண்டிருந்தார்கள். வேலை முடிகிறவரை வண்டிகள் எப்படிச் சுற்றிப் போக வேண்டும் என்று திட்டம் போட்டவன் ஜெபசீலன்தான். இரண்டு வழிகள் இருந்தன. ஏரிக்கரைச் சாலை, நல்ல அகலம். கிணற்றுத் தெருவோ, ஒரு கார் நுழைந்தால் எதிரே வரும் ஆட்டோ யார் வீட்டு வாசலிலாவது ஏறி நிற்க வேண்டும்.

அவன் கிணற்றுத் தெருவைத்தான் பிடித்தான். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற வழி. தெரு வளைவில் ஓர் ஆள் நின்று, ஒரு பக்கம் சிவப்பும் மறுபக்கம் பச்சையுமாக இருக்கும் பலகையைத் திருப்பித் திருப்பிக் காட்டி, ஒரு திசையை நிறுத்தி மறு திசையை விட வேண்டும். இரண்டு மாதமாக, திட்டம் போட்டவனை அந்தப் பக்கத்து ஜனங்கள் மண்ணை வாரித் தூற்றாத நாளில்லை.

“ஏரிக்கரையில மண்ணு இளகலா இருக்கு, லோடு தாங்காதுன்னு ரிப்போர்ட் எழுதினீங்க. நேத்து நானே டெஸ்ட் எடுத்தேன். கல்லு மாதிரி இருக்கு! அந்த வழியில விட்டா ஒரு வண்டிகூட எங்கயும் நிக்காமப் போகுமேய்யா!”

“தெரியும் சார்.”

“தெரிஞ்சேவா பண்ணீங்க?”

ஜெபசீலன் தலையைக் குனிந்துகொண்டான். காரணத்தைச் சொல்லி என்ன ஆகப்போகிறது? அதற்கு லஞ்சம் வாங்கியவன் என்ற பெயரே தேவலை.

“பத்து மணிக்கு ட்ராஃபிக்கை ஏரிக்கரைக்கு மாத்தறோம். உங்க மேல விசாரணை உண்டு. நாளைலேர்ந்து சைட்டுப் பக்கம் வர வேண்டாம்.”

“விசாரணை வைங்க சார். வேலையை விட்டே தூக்குங்க. டைவர்ஷன் மட்டும் இந்த மாசக் கடைசி வரைக்கும் இருக்கட்டும். ஒரு வாரம்... சரி, திங்கட்கிழமை வரைக்குமாவது!”

ஹரிபிரசாத் அவனை ஏற இறங்கப் பார்த்தார். “வேலை போகுதுன்னா குடும்பத்தை நினைச்சுக் கெஞ்சுவாங்க. நீங்க டைவர்ஷனுக்குக் கெஞ்சுறீங்க. போங்கய்யா!”

போனான். பைக் அதன் பழக்கத்துக்கு அவனைக் கிணற்றுத் தெரு வளைவில் கொண்டுவந்து விட்டது. இனி எதற்காகத் தினமும் எழுந்திருப்பது என்றுதான் வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தான்.

“இன்னா சார், மூஞ்சி பேஜாராகீது?” பலகையோடு நின்றிருந்த மொஹ்சின் கேட்டான். “பத்து மணியோட இங்க வேலை முடிஞ்சிதுன்னு போன் வந்துச்சி. அப்பாடா! ரெண்டு மாசமா காதுல ரத்தம் வர்ற அளவுக்கு ஏச்சு வாங்கிக்கினேன் சார்.”

“பலகையைக் குடுங்க மொஹ்சின்.”

“தெனம் எட்டேகாலுக்கு டாண்ணு வந்து வாங்கிக்கிறீங்க. ஆபீசருக்கு இன்னாத்துக்கு சார் இந்த வேலை?”

ஜெபசீலன் ஆரஞ்சு மேல்சட்டையை மாட்டிக்கொண்டு வளைவில் போய் நின்றான். செம்பாக்கம் பக்கமிருந்து வண்டிகள் ஊர்ந்து வந்தன. இரண்டு ஆட்டோக்களை விட்டான். பின்னால் வந்த மஞ்சள் பள்ளி வேன் தன்னருகே வந்ததும் சிவப்பைக் காட்டினான்.

எதிர்ப்பக்கத்து வண்டிகள் எல்லாம் போய் முடிந்தன. வளைவு காலியாகிவிட்டது. அவன் பலகையைத் திருப்பவில்லை. வேனுக்குப் பின்னால் ஹாரன்கள் அலறின.

“கையி முறிஞ்சா போச்சு? திருப்பித் தொலையேன்டா!” என்று எதிர்வீட்டு அம்மாள் கேட்டைத் திறந்துகொண்டு வந்து கத்தினாள்.

வேனின் ஜன்னலில் ஒரு முகம் எட்டிப் பார்த்தது. இரட்டைச் சடை, கடைவாயில் பிஸ்கட் துகள். ஐந்து வயது இருக்கும்.

“பலகை அங்கிள், குட் மார்னிங்!”

“குட் மார்னிங்டா. சாப்பிட்டியா?”

“தோசை! நாளைக்கும் வருவீங்கல்ல?”

“வரமாட்டேன்டா கண்ணு. நாளைலேர்ந்து உங்க வேன் வேற வழியில, எங்கயும் நிக்காமப் போகும்.”

“ஹய்யா! அப்போ சீக்கிரமா ஸ்கூலுக்குப் போயிடலாம்!”

ஜெபசீலன் பலகையைத் திருப்பினான். வேன் நகர்ந்தது. டாட்டா காட்டிய சின்னக் கை திருப்பத்தில் மறைகிறவரை அவனும் கையை ஆட்டிக்கொண்டே நின்றான்.

மொஹ்சின் ஓடிவந்து பலகையை வாங்கிக்கொண்டான். “இன்னா சார் இது, கண்ணு கலங்கிக்கினு! அந்தப் பாப்பாவுக்கு உங்களை நல்லாத் தெரியும் போலக்கீதே?”

“தெரியாது மொஹ்சின்,” என்றான் ஜெபசீலன். “அவ எட்டு மாசக் கைக்குழந்தையா இருக்கறப்போ, அவ அம்மா மேல இருந்த கோவத்துல, இனிமே எம் பொண்ணைப் பார்க்கவே வரமாட்டேன்னு கோர்ட்டுல கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டேன்.”