இலவச அறை

“கல்யாண நாள்னு நீ ஒரு வார்த்தை சொன்னதுக்கே ரெண்டு நாள் ரூமும் சாப்பாடும் இலவசம்! இத்தனைக்கும் நாம சூதாட்ட மேஜைப் பக்கம் தலைவச்சுக்கூடப் படுக்கல!”

பக்கத்து நகரமான ரீனோவிலிருந்து வீடு திரும்பியதுமே, அந்த கேசினோ ஓட்டலுக்கு ஐந்து நட்சத்திர விமர்சனம் எழுத உட்கார்ந்தான் டெல்பர்ட்.

“வேற வேலை இல்லியா உனக்கு? விட்டுத் தொலையேன்,” என்றாள் மனைவி நடீன்.

“உண்ட வீட்டுக்கு ஒரு நன்றி சொல்ல வேணாமா?”

அனுப்பிய பத்தாவது நிமிடம் மேலாளரின் பதில் வந்தது. டெல்பர்ட் உரக்கப் படித்தான்.

“நன்றி ஐயா. எங்களிடம் அதிகம் விளையாடுகிறவர்களுக்குத்தான் இலவச அறை. செவ்வாய் தவறாமல் வரும் உங்கள் மனைவிக்கு இது எங்கள் சிறிய மரியாதை.”

டெல்பர்ட் கடைசி வரியை மறுபடி ஒருமுறை படித்தான்.

செவ்வாய்தோறும் பாட்டுப் பயிற்சிக்கென்று அவளை சர்ச் வாசலில் இறக்கிவிட்டு வருவது அவன்தான்.